உயிர்ப்போலி என்ற சொல் எனக்கு ஏன் உறுத்துகிறது

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்திருக்கும் சேம்பிலை ஒன்றை, மழை நின்றதும் அண்ணன் மகளுக்குச் சாய்த்துக் காட்டினேன். முத்தாகத் திரண்டிருந்த துளி, இலையில் படிந்திருந்த செம்மண் தூசியையும் வாரிக்கொண்டு உருண்டோடியது. அது ஓடிய தடத்தில் ஈரமே இல்லை. படிவம் நான்கில் பயிலும் அவள், இதுபோன்ற இயற்கை நுட்பங்களைப் பொறியியலில் பயன்படுத்துவதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். பயோமிமிக்ரி என்பதற்கு அவள் குறித்து வைத்திருந்த சொல் ‘உயிர்ப்போலி’.

பந்தல் பந்தராவதைக் கடைப்போலி என்னும் இலக்கணத்தில் அச்சொல்லுக்கு இழுக்கில்லை; ஆனால் கடைத்தெருவில் போலி என்றால் கள்ளச் சரக்குதான். அதைவிடப் பெரிய குறை, மூன்று தனித்தனிக் கருத்துகளை அது ஒன்றாகக் குழப்பிவிடுவது. 1958-இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் ஸ்டீல் உருவாக்கிய பயோனிக்ஸ், உயிர் இயற்பியலாளர் ஓட்டோ ஷ்மிட் தந்த பயோமிமெட்டிக்ஸ், அறிவியல் எழுத்தாளர் ஜெனின் பென்யஸ் 1997-இல் பரவலாக்கிய பயோமிமிக்ரி ஆகியவற்றை 2015-இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 18458 என்னும் அனைத்துலகத் தரநிலை தெளிவாகப் பிரித்துள்ளது. உயிரியல் செயலை மின்னணுவாலோ இயந்திரத்தாலோ ஈடுசெய்வதும் பெருக்குவதும் முதலாவது. உயிரின் செயற்பாட்டை ஆராய்ந்து, அதன் தத்துவத்தை மாதிரியாக்கித் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவருவது இரண்டாவது. நீடித்த வளர்ச்சிக்காக இயற்கையை முன்மாதிரியாகக் கொள்ளும் நோக்கு மூன்றாவது.

ஷ்மிட்டின் கண்டுபிடிப்பையே பாருங்கள். 1930-களில் மாணவராக இருந்தபோது கணவாயின் நரம்பை ஆராய்ந்து அவர் அமைத்த மின்சுற்று, உள்வரும் மின்னழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் நிலைமாறும். பழைய நிலைக்குத் திரும்ப, அம்மின்னழுத்தம் அவ்வரம்பினும் தாழ்ந்த இன்னொரு வரம்புக்குக் கீழே இறங்க வேண்டும். இடையில் ஏற்படும் சிறு அதிர்வுகள் அதை அசைப்பதில்லை. அந்தச் சுற்றில் கணவாயின் சாயல் துளியும் கிடையாது. அதை எப்படிப் போலி என்பது?

ஆகவே உறுப்புப் பொறியியல், உயிர்வழிப் பொறியியல், இயற்கைவழி வடிவமைப்பு என்று அதே வரிசையில் மூன்று சொற்களை அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலேயர் ஊசியின் கண் என்பதை ஊசியின் காது என்று சொல்லும் நமக்கு, எழுத்துக்கு எழுத்து பெயர்க்க வேண்டிய கட்டாயம் ஏது?

“அப்படியானால் இந்த இலைக்கு, சித்தப்பா?” என்றாள். நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து நீரை ஒட்டவிடாத இந்தப் பண்புக்கு, ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் தாமரையின் பெயரையே சூட்டினார் என்றேன். பட்டும் படாமலும் இருப்பவரைத் தாமரை இலைத் தண்ணீர் என்று பாட்டி சொல்வது அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சேம்பிலைப் படத்தின் கீழே ‘தாமரை இலை விளைவு’ என்று எழுதிக்கொண்டாள்.