திருக்காவலூரில் ஒரு டிசம்பர் காலை

அப்பா போன பிறகு வந்த முதல் டிசம்பர். விடிவதற்கு முன்பே தஞ்சாவூரில் அரியலூர் பஸ் ஏறிவிட்டேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகத் தாண்டி, திருவையாறும் போய், கொள்ளிடம் வந்தது. மணலின் மேல் பனி படுத்திருந்தது. இந்த வழியைத்தான் அப்பா வருஷம் தவறாமல் ஒரு ராத்திரி முழுக்க நடந்தே கடப்பார். மூன்று வயதில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்கு அவர் வைத்துக்கொண்ட நேர்ச்சை. பிழைத்தது நான். நடந்தது அவர்.

திருமானூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த அந்த இயேசு சபைத் துறவி இந்த ஊர் மாதாவின் மேல் கலம்பகமே பாடியிருக்கிறார். அரியலூரை ஆண்ட மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டி, முனிவர் மாதாவை வேண்டிச் சேற்றைப் பூசியதும் ஆறியது என்று இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன்!

படிக்கிற காலத்தில் நான் பூசைக்கு உதவுகிற பீடச்சிறுவன். வேலைக்குச் சென்னை போன பிறகு கோயில் மெல்ல விட்டுப்போனது. விசுவாசம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். சாமியாரிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் செய்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. டிசம்பர் பிறந்தால், கிறிஸ்துமஸ் குடிலுக்காகப் போனில் ஒரே வார்த்தை: "குடில் போட வந்துருப்பா." சில வருஷம் போனேன், சில வருஷம் போகவில்லை.

நான் போனது டிசம்பர் 18. வேண்டுமென்று அந்தத் தேதியைப் பார்த்துப் போகவில்லை. காலைப் பூசையில் மத்தேயு முதல் அதிகாரம் வாசித்தார்கள். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் கனவு காண்கிற இடம். தூதர் பேசுகிறார். சூசையப்பர் விழித்தெழுந்து, சொன்னபடி செய்கிறார். பதில் எதுவும் சொல்லவில்லை. நான்கு நற்செய்திகளையும் புரட்டினாலும் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக் காட்ட முடியாது. எழுந்தார், அழைத்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார். அவரைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் இப்படிச் செய்தவைதான்.

அந்தப் பேசாத மனிதரைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துத்தான் வீரமாமுனிவர் 3,615 விருத்தங்களில் தேம்பாவணி பாடினார். யோசேப்பு என்ற அவர் பெயரின் பொருளை எடுத்து 'வளன்' என்று தமிழாக்கினார். ஒரு தச்சருக்குத் தமிழில் காப்பியம்! பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதியாக நான் ஒப்பித்து மறந்த பாட்டு அது. அன்று அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தபோதுதான், எவ்வளவு பெரிய மரியாதையை அந்த மனுஷர் செய்திருக்கிறார் என்று உறைத்தது.

என் அப்பா அரிசி ஆலையில் இரவுக் காவல். காலையில் டார்ச் லைட்டோடு வருவார், அப்படியே முதல் பூசைக்குப் போவார், அப்புறம் படுப்பார். அவர் குடில் வைத்தால் சூசையப்பர் சுரூபம் பாலன் இயேசுவைப் பார்த்து இருக்காது. வாசலைப் பார்த்து நிற்கும். சின்னப் பையனாக இருந்தபோது தப்பாக வைத்துவிட்டார் என்று நினைத்து நான் திருப்பி வைப்பேன். காலையில் பார்த்தால் மறுபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரும் விளக்கம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது அது நினைவுக்கு வந்து, அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த பாட்டி எதுவும் கேட்காமல் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்றே மறந்துபோயிருந்தது. சாமியார் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். ரொம்ப நேரம் பேசினேன். அபராதமாகக் கொடுத்தது மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் மட்டும். அதை மாதா முன்னால் சொல்லிவிட்டு, அப்பா வழக்கமாக வாங்குகிற இரண்டு மெழுகுவர்த்தியை வாங்கி ஏற்றினேன்.

சாயங்காலம் வீட்டில் குடில் பெட்டியை இறக்கினோம். அம்மா பத்து நாளைக்கு முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்திருந்தாள். விரல் உயரத்துக்குப் பச்சையாக எழும்பியிருந்தது. செய்தித்தாளைப் பிரித்து ஒவ்வொரு சுரூபமாக எடுத்தேன். மாதா, இடையர்கள், ஒரு காது உடைந்த கழுதை. பாலனை மட்டும் தனியாக எடுத்து வைத்தோம், அவர் 24ஆம் தேதி நடுச்சாமப் பூசை முடிந்த பிறகுதான். சூசையப்பரின் பழுப்பு அங்கியில் சாயம் உதிர்ந்திருந்தது. வலது கை விரல்களுக்கு நடுவே ஓட்டை காலியாக இருந்தது. கைத்தடி எப்போதோ தொலைந்துபோனது.

அவரை வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அடுப்படிக்குப் போய், துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, அளவு பார்த்து ஒடித்து, என் கையில் கொடுத்தாள்.

"உங்கப்பா இதத்தான் சொருகுவாரு."