பொட்டாஷ் விலை ஏன் ஏறியது?

அரூரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இருப்புப் பார்ப்பது, கைரேகை மெஷினில் ஆதாரைச் சரிபார்ப்பது, பில் போடுவது, விலையைக் கேட்டுக் கொதித்துப் போகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. 2022ஆம் ஆண்டில் கடைசி வேலைதான் அதிகம் இருந்தது. ஆயிரம் ரூபாய் அளவில் கிடைத்துக்கொண்டிருந்த ஐம்பது கிலோ பொட்டாஷ் உர மூட்டை அந்த ஆண்டு 1,700 ரூபாய்க்குப் போயிற்று.

எங்கள் பக்கத்து விவசாயிகள் பொட்டாஷை எளிதில் கைவிட முடியாது. மரவள்ளிக் கிழங்கில் மாவு ஏற அது வேண்டும். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில், கிழங்கின் மாவுச்சத்து அளவான பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பாயிண்ட் குறைந்தால் ஓர் ஆண்டு உழைப்பு அடிவாங்கும். மஞ்சளுக்கும் வாழைக்கும் அதே தேவைதான். யூரியா விலையை அரசு பிடித்து வைத்திருக்கிறது. பொட்டாஷுக்கு அப்படியில்லை. மானியம் இவ்வளவு என்று அரசு சொல்லும், மீதி உலகச் சந்தையின் கையில். தோண்டி எடுக்க இங்கே சுரங்கமும் இல்லை. முழுவதும் கப்பலில் வருகிறது.

"யார் தம்பி இந்த விலையை ஏற்றியது?" என்று கேட்பார்கள். கம்பெனி என்று சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. தேடிப் படித்தேன். 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 247 டாலராக இருந்த இறக்குமதி ஒப்பந்த விலை, 2022 பிப்ரவரியில் 590 டாலர் ஆகியிருந்தது. அந்த 247 டாலர் ஒப்பந்தம் போட்டது பெலாரஸ் நாட்டு நிறுவனத்தோடு. அதுவரை அந்த நாட்டின் பெயரைச் செய்தியில் கேட்டிருந்தேனே தவிர, எங்கள் கிடங்கோடு அதைச் சேர்த்து நினைத்ததில்லை.

உலகப் பொட்டாஷ் வணிகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெலாரஸுடையது. சலிகோர்ஸ்க் என்ற ஊரின் சுரங்கங்கள் அரசு நிறுவனமான பெலாருஸ்காலியின் கையில் இருக்கின்றன. 2020 ஆகஸ்ட் தேர்தலில் அந்த நாட்டு அதிபர் லுகாஷென்கோ மீண்டும் வென்றதாக அறிவித்தபோது மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடியும் சிறையும்தான் பதில். எதிர்க்கட்சிப் பக்கம் நின்ற மரியா கலெஸ்னிகவாவை எல்லைக்குக் கொண்டுபோய் நாட்டை விட்டுத் தள்ளப் பார்த்தார்கள்; அவர் தன் பாஸ்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்தார். பதினோரு ஆண்டு தண்டனை. 2021 மே மாதம் ஏதென்ஸிலிருந்து வில்னியஸுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தை வெடிகுண்டுப் புரளியைக் காட்டி மின்ஸ்கில் இறக்கி, அதிலிருந்த இளம் பத்திரிகையாளரைப் பிடித்தார்கள். அரசியல் கைதிகளின் பட்டியலைத் தொகுத்து வந்த வியாஸ்னா என்ற மனித உரிமை அமைப்பின் நிறுவனர் அலெஸ் பியாலியாட்ஸ்கியும் அதே ஆண்டு ஜூலையில் உள்ளே போனார். 2022இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது அவர் சிறையில் இருந்தார். அதன் பிறகுதான், 2023 மார்ச்சில், பத்தாண்டு தண்டனை விதித்தார்கள்.

வெளிநாடுகள் அந்த அரசின் வருமானத்தில் கைவைத்தன. 2021இல் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பொட்டாஷ் மீது தடை கொண்டுவந்தன. 2022 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து பக்கத்து நாடான லிதுவேனியா, பெலாரஸ் பொட்டாஷுக்குத் தன் ரயில் பாதையை மூடியது. கப்பலேற்றும் அதன் கிளைப்பெடா துறைமுகத்துக்குச் சரக்குப் போகவில்லை. அதே மாதம் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. விலையேற்றத்துக்குத் தடை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பெரிய காரணங்களில் அது ஒன்று. 2022 ஏப்ரலில் பொட்டாஷில் உள்ள சாம்பல்சத்துக்கு நம் அரசு கிலோவுக்குத் தரும் மானியம் பத்து ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 25 ரூபாய் 31 காசாக உயர்ந்தது. அதையும் தாண்டித்தான் 1,700 ரூபாய்.

இதைக் கடையில் சொல்ல ஆரம்பித்தேன். சிலர் எரிச்சலோடு போனார்கள். வாச்சாத்திப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். அங்கே நடந்ததை எங்கள் வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. 1992 ஜூன் 20, சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றன, அந்தக் கட்சியின் தலைவர் அ. நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். 1995இல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் தண்டித்தது.

"வெளியிலிருந்து ஆள் வந்து கேட்காவிட்டால் அந்த வழக்கு முதல் வாரத்திலேயே புதைந்திருக்கும்" என்றார் பெரியவர். இரண்டு மூட்டை கேட்க வந்தவர் ஒரு மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மூட்டைக் குறைவு யார் கணக்கிலும் வராது. தடை போடுகிற நாடுகள் தங்கள் விவசாயிக்கு ஏதாவது வழி செய்துகொள்ளும். அரூர்க்காரரிடம் யாரும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. தடை தேவை என்று நான் நம்புகிறேன். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசோடு வணிகத்தை 1946இலேயே முறித்துக்கொண்ட நாடு நம்முடையது. ஆனால் அதன் பாரத்தைச் சுமக்கிறவனுக்குக் காரணமாவது தெரிய வேண்டும். விலைக்கு ஈடும் கிடைக்க வேண்டும்.

2025 டிசம்பர் 13 அன்று பியாலியாட்ஸ்கி, கலெஸ்னிகவா உட்பட 123 பேர் விடுதலையானார்கள். பதிலுக்கு அமெரிக்கா பொட்டாஷ் தடையை நீக்கியது. கடையில் செய்தியைப் படித்தபோது நான் அழுதுவிட்டேன்; பக்கத்தில் பில்லுக்குக் காத்திருந்தவர் பயந்துபோனார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் சிறையில் இருப்பதாக வியாஸ்னா சொல்லியது பிறகுதான் கண்ணில் பட்டது.

அடுத்த முறை பெரியவர் வந்தபோது இதையும் சொன்னேன். "அத்தனை பேர் உள்ளே இருக்கும்போது பிடியை ஏன் விட்டார்கள்?" என்று கேட்டார். ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் விடவில்லை, அதன் தடை அப்படியே இருக்கிறது என்றேன். "அவர்களாவது விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மஞ்சளுக்கு மேலுரம் எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போடச் சொன்னார்.