ஓரியூர்ச் செம்மண்

மகளின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை ஓரியூர்க் கோயிலில் புனித அருளானந்தர் பாதத்தில் வைப்பதாக நேர்ந்திருந்தேன். மதுரையில் தொண்டி பஸ் ஏறி, சிவகங்கை, காளையார்கோவில் தாண்டித் திருவாடானையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுக அறுவடை முடிந்த வயல்களும் கருவேலங்காடும்தான். மஞ்சள் பையில் எழுபது பத்திரிகைகள் இருந்தன. திரும்பும்போது தேவகோட்டையில் இறங்கி அங்குள்ள உறவினர்களுக்கும் கொடுத்துவிடலாம் என்பது திட்டம். என் அண்ணன் வீடும் தேவகோட்டையில்தான் இருக்கிறது. அவருக்கு மட்டும் நான் பத்திரிகை எழுதவில்லை.

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத நேரம். வங்கிக்கு வேண்டிய காகிதம் என்று சொல்லி அண்ணன் ஒரு கையெழுத்து கேட்டார். படித்துப் பார்க்காமல் போட்டேன். வீடு அவர் பெயருக்கு மாறிவிட்டது என்பது பல மாதங்கள் கழித்து அடுத்தவர் வாயால் தெரிந்தது. அதன்பின் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. தாய்மாமன் என்ற வரியே இல்லாமல்தான் பத்திரிகை அடித்தேன். அச்சகத்துப் பையன் "அக்கா, தாய்மாமன் பெயர் விட்டுப்போயிருக்கிறதே" என்று கேட்டபோது, "விட்டுப்போகவில்லை, விட்டுவிட்டேன்" என்றேன்.

அருளானந்தரின் கதை சிறுவயதிலிருந்து கேட்டதுதான். ஜான் டி பிரிட்டோ என்பது அவருடைய இயற்பெயர். 1647இல் போர்த்துக்கல்லின் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசன் பெத்ருவோடு வளர்ந்தவர். கடல் கடந்து வந்து, காவி உடுத்து, புலால் விட்டு, இந்நாட்டுத் துறவிகளைப் போலப் பண்டாரசாமியாக மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்தார். 1686இல் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். இந்தச் சீமையில் இனிப் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டார்கள். போர்த்துக்கல் போனபோது, அரசனாகியிருந்த பெத்ரு அங்கேயே தங்கச் சொல்லியும் கேட்காமல் 1690இல் திரும்பி வந்தார்.

அவரைக் கொலைக்களம் வரை கொண்டுவந்தது ஒரு பெண்ணின் மனத்தாங்கல். தடியத்தேவர் என்ற மறவர் குலத் தலைவர் ஞானஸ்நானம் பெற விரும்பினார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் மறவர் சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண். அவள் அரசரிடம் போய் அழுதாள். 1693 சனவரியில் சாமியாரைப் பிடித்தார்கள். பிரசங்கங்களில் அந்தப் பெண்ணைப் பொல்லாதவளாகவே சொல்வார்கள். எனக்கு அது ஒருபோதும் ஒப்பியதில்லை. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் அவளுடைய வீடு அவளுடையதாக இல்லாமல் போனது. அந்த வலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

ஓரியூர்ச் சிறையில் சாமியார் தம் இயேசு சபைக் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். கரியைத் தண்ணீரில் கரைத்து மையாக்கி, வைக்கோல் துரும்பைப் பேனாவாக்கி எழுதியது. அதில் அந்தப் பெண்மீதோ சேதுபதிமீதோ சாபம் இல்லை. மறுநாள் பிப்ரவரி 4, புதன்கிழமை. அந்த ஆண்டு அதுவே தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனும்கூட. மண்டியிட்டுச் செபித்து எழுந்தவர், வெட்ட வந்தவனைக் கட்டித் தழுவிக்கொண்டார். என் செபம் முடிந்தது, உனக்கு இட்ட கட்டளையை நீ நிறைவேற்று என்று சொல்லிக் கழுத்தைக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

கோயிலையொட்டிய மணல்மேடு செக்கச்செவேலென்று இருக்கிறது. அவர் இரத்தம் சிந்திய மண் என்று சாதி, மத வேறுபாடு இல்லாமல் சனங்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். மொட்டையடித்த குழந்தையின் உச்சியில் ஒரு பாட்டி அந்த மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். நானும் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மேலே சுட்டது, விரல் இரண்டு கணு உள்ளே போனதும் சில்லென்று இருந்தது. எத்தனை ஆயிரம் கைகள் தோண்டிய மண்! தோண்டுகிற கைக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே கிடக்கிறது.

திருப்பலிப் பூசைக்கு முன் கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அண்ணன் செய்த அநியாயத்தையே சொல்லிக்கொண்டு போனேன். சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "அவருடைய பாவத்தைச் சொல்லிவிட்டீர்கள் அம்மா, உங்களுடையது?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அநியாயத்தை அநியாயம் என்று சொல்லுங்கள், ஆண்டவர் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் கெட்டுப்போக வேண்டும் என்று இன்னும் வேண்டுகிறீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

பூசையில், கர்த்தர் கற்பித்த செபத்தில், "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பது போல" என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. பொறுப்பது என்றால் சுமப்பதும்தானே. வீட்டை இழந்ததை நான் சுமந்துதான் ஆக வேண்டும். அண்ணன்மேல் உள்ள வெறுப்பையும் சேர்த்துச் சுமக்கச் சொல்லி ஆண்டவர் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் செபத்தை முடித்த பிறகு, விட்ட அந்த வரியை நான் தனியாகச் சொன்னேன்.

அருளானந்தர் பாதத்தில் பத்திரிகையை வைத்து எடுத்தேன். உறைமேல் எழுதக் கோயில் வாசலில் பேனா இரவல் வாங்கினேன். "அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும்" என்று எழுதக் கை நடுங்கியது.

தேவகோட்டையில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்த அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. "உள்ளே வா" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். தாய்மாமன் பெயர் வரவேண்டிய இடத்தில் விரல் நின்றது. நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டைப் பற்றி அவரும் பேசவில்லை; அது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார். முந்தானையில் முடிந்திருந்த செம்மண்ணை அவிழ்த்து அண்ணியின் கையில் பாதியைக் கொடுத்தேன்.

அண்ணன் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்: "பிள்ளைக்கு மோதிரம் எந்த அளவு?"