கவுன்டி மீடியன் வருமானம்: தேர்வுக்குப் படித்தபோது எனக்குப் பிடிபட்டவை

அமெரிக்காவில் புள்ளியியல் முதுகலை படித்தபோது சிறுபகுதி மதிப்பீடு (சர்வேயில் போதுமான ஆட்கள் சிக்காத சின்ன இடங்களுக்கும் எண் கண்டுபிடிப்பது) என்றொரு பாடம் எடுத்தேன். அதன் ப்ராஜெக்ட் இதுதான்: ஒரு மாநிலத்தின் எல்லாக் கவுன்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) மீடியன் ஹவுஸ்ஹோல்ட் வருமானத்தை, அதாவது வீடுகளை வருமானப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் மொத்த வருமானத்தை, மதிப்பிட வேண்டும், பிறகு வாய்மொழித் தேர்வில் அதை விளக்க வேண்டும். இதே பாடத்தை எடுக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

என் முதல் வரைவு முழுத் தவறு. கவுன்டிக்குள் இருக்கும் சென்சஸ் ட்ராக்ட்களின் (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகளின்) மீடியன்களை எடுத்து, வீடுகளின் எண்ணிக்கையால் எடை போட்டு, சராசரி கண்டுபிடித்திருந்தேன். கூட்டுச் சராசரிக்கு இது செல்லும், மீடியனுக்குச் செல்லாது. ஒரு பகுதியில் மூன்று வீடுகளின் வருமானம் 20, 30, 35 ஆயிரம், இன்னொன்றில் 25, 90, 95 ஆயிரம் என்று வையுங்கள். மீடியன்கள் 30, 90, அவற்றின் சராசரி 60. ஆனால் ஆறு வீடுகளையும் வரிசைப்படுத்திப் பார்த்தால் மீடியன் 32.5 ஆயிரம்தான்! வழிகாட்டிய பேராசிரியர் இந்த ஆறு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நின்றார், அது போதுமாக இருந்தது.

சரியான வழி, வருமான வகுப்புகளைக் கூட்டுவது. ஏ.சி.எஸ். என்கிற அமெரிக்க சமூகக் கணக்கெடுப்பு 16 வருமான வகுப்புகளில் வீடுகளின் எண்ணிக்கையைத் தருகிறது. எண்ணிக்கைகளைத் தாராளமாகக் கூட்டலாம். மொத்தம் 1,000 வீடுகள், 50,000 டாலருக்குக் கீழே 470, அடுத்த 50,000–59,999 வகுப்பில் 100 என்றால், நடுவிலுள்ள 500-ஆவது வீட்டுக்கு இன்னும் 30 வேண்டும், அந்த வகுப்பில் நூற்றில் முப்பது பங்கு தூரம், ஆக மீடியன் ஏறத்தாழ 53,000. அகலமான மேல் வகுப்புகளில் மட்டும், இப்படி வீடுகள் சீராகப் பரவியிருப்பதாக வைக்கும் நேர்கோட்டு இடைச்செருகலுக்குப் பதில், மேலே போகப் போக வீடுகள் குறைவதாக வைக்கும் பரேட்டோ முறை பொருத்தம்.

அடுத்தது பிழை எல்லை (மதிப்பீட்டுக்கு இருபுறமும் தரும் ± எண்), பலர் மார்க் இழப்பது இங்கேதான். ஏ.சி.எஸ். தருவது 90 சதவீத நம்பிக்கை அளவிலான எல்லை, அதை 1.96-ஆல் அல்ல, 1.645-ஆல் வகுத்தால்தான் திட்டப்பிழை (ஸ்டாண்டர்ட் எரர்) கிடைக்கும். வழக்கமான ஓராண்டு மதிப்பீடு 65,000 பேரோ அதற்கு மேலோ வாழும் இடங்களுக்கு மட்டும்தான். சின்னக் கவுன்டி என்றால் ஐந்தாண்டுத் தரவைத்தான் நம்பியாக வேண்டும், அது அந்த ஐந்தாண்டுகளுக்கும் பொதுவான எண், நடு ஆண்டின் எண் அல்ல. 2020 சென்சஸில் டெக்சஸின் லவிங் கவுன்டியில் இருந்தவர்களே 64 பேர். அங்கே சர்வே மட்டும் என்ன சொல்லிவிட முடியும்?

இதற்குத்தான் ஏ.சி.எஸ்.-ஐ நடத்தும் சென்சஸ் பீரோ தன் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீட்டுத் திட்டத்தில் ஒரு புள்ளியியல் மாடலைப் பயன்படுத்துகிறது. 1979-இல் ஃபே, ஹெரியட் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1,000 பேருக்கும் குறைவான ஊர்களின் தனிநபர் வருமானத்தை மதிப்பிடக் கையாண்ட யோசனைதான் இதற்கு வேர். ஏ.சி.எஸ். மீடியனின் மடக்கையை (லாக்), வருமானவரிப் படிவங்களிலிருந்து வரும் வருமானம் போன்ற நிர்வாகத் தரவுகளோடு ரிக்ரஷனில் (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் சமன்பாடு) பொருத்துகிறார்கள். அப்புறம் ரிக்ரஷன் சொல்வதையும் சர்வே சொல்வதையும், எது எவ்வளவு நிலையானது என்று பார்த்து எடை போட்டுச் சேர்க்கிறார்கள்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். நான் பயிற்சிக்கு வைத்துக்கொண்டது இது: சர்வே மீடியன் 40,000, பிழை எல்லை 16,450. திட்டப்பிழை 10,000, மடக்கை அளவில் சுமார் 0.25 (10,000-ஐ 40,000-ஆல் வகுத்தது), அதன் வர்க்கம் 0.0625. மாடலின் பிழை மாறுபாடு (ரிக்ரஷன் எவ்வளவு தவறக்கூடும் என்பதன் வர்க்க அளவு) 0.0064 என்றால் சர்வேக்குக் கிடைக்கும் எடை 0.0064-ஐ 0.0689-ஆல் வகுத்தது, அதாவது 9 சதவீதம்தான். ரிக்ரஷன் 52,000 என்கிறது என்றால் சேர்த்த மதிப்பு 50,700 அருகில் வரும் (மடக்கையிலிருந்து டாலருக்குத் திரும்பும்போது செய்யும் சிறு திருத்தத்தை இங்கே விட்டுவிட்டேன், தேர்வில் விடாதீர்கள்). இதைப் போட்ட அன்றுதான், லாஸ் ஏஞ்சலஸ் மாதிரிப் பெரிய கவுன்டியில் ஏன் சர்வே எண் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது, சின்னக் கவுன்டியில் ஏன் ரிக்ரஷன் பக்கம் இழுபடுகிறது என்பது எனக்கு உண்மையாகவே புரிந்தது.

ஃபேமிலி வருமானம் வேறு, ஹவுஸ்ஹோல்ட் வருமானம் வேறு, தனியாக வாழ்பவர் பின்னதில் மட்டும் வருவார். கனெக்டிகட்டை எடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அங்கே 2022 தரவு முதல் பழைய 8 கவுன்டிகள் போய் 9 திட்டமிடல் மண்டலங்கள் வந்துவிட்டன, ஆண்டுத் தொடரை அப்படியே ஒட்ட முடியாது.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு கவுன்டிகளில் எது பணக்காரக் கவுன்டி?" என்பது. வித்தியாசம் 1,200 டாலர், திட்டப்பிழைகளோ இரண்டுக்கும் 3,000-க்கு மேல். இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது என்றேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.