என் லேப்டாப்பில் வருகிற படம் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை?

குமரி மாவட்டத்து இடங்களை நானே எடுத்த படங்களோடு ஒரு வலைத்தளத்தில் போட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. வலைத்தளத்தை இலவசமாக வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் கணக்குத் தொடங்கியது, பக்கத்தை ஏற்றியது எல்லாம் சுலபமாக முடிந்தது. படங்கள்தான் உயிரை எடுத்துவிட்டன.

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என் லேப்டாப்பிலேயே பக்கத்தைச் செய்து தந்தார்கள். மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் சமணச் சிற்பங்கள், பத்மநாபபுரம் அரண்மனை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பணத்தையும் கொடுத்தாயிற்று. மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு லிங்க் அனுப்பினேன். "மக்கா, எழுத்து வருது, படம் ஒண்ணையும் காணோமே" என்றான். என் போனிலும் அதே கதிதான்.

தக்கலையிலிருந்து பஸ் ஏறி மறுபடி சென்டருக்குப் போனேன். என் லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் இருந்த கோப்பை டபுள் கிளிக் செய்தார்கள், படம் வந்தது. "எங்க சைடு சரியா இருக்கு சார். இலவச சர்வர் அப்படித்தான், காசு கட்டி ஹோஸ்டிங் எடுங்க." இணைய முகவரியைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் வீண். பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் போனில் மொபைல் டேட்டாவில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து பக்கத்தின் எச்டிஎம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் சி டிரைவ், யூசர்ஸ், டெஸ்க்டாப் என்று என் லேப்டாப்பின் பாதையை எழுதி வைத்திருக்கிறார்கள்! மஸ்கட்டில் இருப்பவனுக்கு என் சி டிரைவ் எப்படித் திறக்கும்? காசு கட்டி வேறு ஹோஸ்டிங் எடுத்திருந்தாலும் இதே கதைதான்.

படங்களை எல்லாம் பக்கத்தின் கோப்பு இருக்கும் இடத்திலேயே ஒரு ஃபோல்டரில் போட்டேன். பாதையில் ஃபோல்டர் பெயர், ஒரு சாய்கோடு, படத்தின் பெயர், அவ்வளவுதான். முன்னால் சாய்கோடு போடாதீர்கள். கிட்ஹப்பில் முகவரிக்குப் பின்னால் தளத்தின் பெயரும் வருகிற மாதிரி அமைத்திருந்தால், அந்த ஒரு கோடு தளத்தின் பெயரை விட்டுவிட்டு வெளியே போய்த் தேடும்.

இப்போது பாதிப் படங்கள் வந்தன. மீதியைப் பிடிக்க எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை ரீலோடு செய்தேன். வராத படமெல்லாம் சிவப்பில் 404 என்று நின்றது, அதாவது அந்தப் பெயரில் கோப்பு இல்லை. படத்தின் பெயருக்குக் கடைசியில் வரும் ஜேபிஜி என்பதைக் கேமரா பெரிய ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறது, எச்டிஎம்எல் கோப்பில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், சர்வர் எடுத்துக்கொள்ளாது. போதாக்குறைக்கு விண்டோஸ் அந்தக் கடைசிப் பகுதியை மறைத்தே வைக்கும். வியூ மெனுவில் அதைக் காட்டும்படி டிக் செய்துகொள்ளுங்கள்.

பெயரைச் சின்ன எழுத்துக்கு மாற்றி ஏற்றினால் அதுவும் பலிக்கவில்லை. பெரிய எழுத்து சின்ன எழுத்தானது மட்டும்தான் மாற்றம் என்றால், கிட்ஹப்புக்குக் கோப்புகளை ஏற்றுகிற கிட் மென்பொருள் விண்டோஸில் அதைக் கவனிக்காதாம். அப்புறம் பெயரையே முழுசாக மாற்றினேன்: இடைவெளி இல்லாமல், சின்ன ஆங்கில எழுத்தில், மாத்தூர்1, மாத்தூர்2 என்று. ஏற்றிய பிறகு சில நிமிடம் பொறுத்து, கன்ட்ரோல் எஃப்5 அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் பிரவுசர் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பறளியாற்றங்கரையில் நின்று அண்ணாந்து எடுத்த 115 அடி உயரத் தொட்டிப்பாலம் என் போனில் முழுசாக வந்து நின்றபோதுதான் சாப்பிடப் போனேன். சிதறாலில் எடுத்த இன்னும் சில படங்கள் மட்டும் பாக்கி. அவை கூகுள் டிரைவில் இருக்கின்றன. டிரைவின் ஷேர் லிங்க் படத்தைத் தராது, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தைத்தான் தரும். அவற்றையும் இறக்கி, அளவைக் குறைத்து, அதே ஃபோல்டரில் போட வேண்டும்.