நான்கடி நிலமும் பதினொரு கையெழுத்தும்

காரைக்குடியில், கொப்புடையம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பாத்திரக் கடை இருக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பிய பிறகு என் ஐயா, அதாவது என் அப்பச்சியை (அப்பாவை)ப் பெற்றவர், வாங்கிய இடம். முகப்பு இருபத்தாறு அடி. சாலை விரிவாக்கத்துக்காக அந்த முகப்பில் ஏழடி ஆழம் போய்விட்டது. முதல் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து இழப்பீடு வங்கிக் கணக்கில் ஏறிய நாள் வரை இரண்டே முக்கால் வருடம் அலைந்தேன். 1928-இல் நகராட்சியான ஊர் 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இன்னும் எத்தனையோ தெருக்களை அகலப்படுத்த வேண்டியிருக்கிறது. நாளை இதே வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு என் அலைச்சலில் பாதியாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு ஊர்களில் வீடுகள் இருக்கும் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக, அகலமாக இருக்கும். ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கும். ஆனால் கடைவீதி அப்படித் திட்டமிட்டு வந்ததில்லை; சந்தையும் கோயிலும் கூட்டிய கூட்டத்தில் தானாக முளைத்தது. காலை ஒன்பது மணிக்கு டவுன் பஸ், பள்ளி வேன், ஷேர் ஆட்டோ, இரண்டு பக்கமும் இருசக்கர வாகனங்கள், இவற்றுக்கு நடுவே சரக்கு இறக்கும் லாரி என்று எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். முகூர்த்த மாதங்களில் அந்த லாரி பெரும்பாலும் எனக்கு வந்ததாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் சாமான் பரப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படி ஒரு காலையில் 108 ஆம்புலன்ஸ் ஒன்று என் லாரிக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. பின்னால் போக வழியில்லை. முன்னால் பித்தளை அண்டாக்கள் பாதி இறங்கியும் பாதி இறங்காமலும் கிடந்தன. ஆம்புலன்ஸின் பின்கண்ணாடி வழியாக ஒரு பெண் குளுக்கோஸ் பாட்டிலைக் கையால் உயர்த்திப் பிடித்தபடி நிற்பது தெரிந்தது. அண்டாக்களை நானும் பையன்களும் நடுத்தெருவில் உருட்டிவிட்டு லாரியை நகர்த்தினோம். உள்ளே படுத்திருந்தவர் யார், என்ன ஆனார் என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்து விரிவாக்க நோட்டீஸ் வந்தபோது, ஆட்சேபணை மனு எழுதலாம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. அந்தப் பெண்ணின் தூக்கிய கை என் கண்ணிலேயே இருந்தது.

முதலில் சொல்ல வேண்டியது, சாலை யாருடையது என்பது. தேசிய நெடுஞ்சாலை என்றால் நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001. உள்தெரு என்றால் நகராட்சியோ மாநகராட்சியோ பொறுப்பு. எங்கள் வீதி நெடுஞ்சாலைத் துறையின் பதிவேட்டில் இருந்தது. அது தெரியாமல் முதல் சில மாதங்கள் வேறொரு அலுவலகத்தின் படிகளை ஏறி இறங்கினோம். பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதையும் கேட்டுவிட வேண்டும். எங்களுக்கு ஒருங்கிணைந்த சாலை உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டத்திலிருந்து வந்தது. நிலத்துக்கு ஓர் ஆணை, மின்கம்பங்களையும் குடிநீர்க் குழாயையும் மாற்ற ஓர் ஆணை, சாலையும் வடிகாலும் போட ஓர் ஆணை என்று தனித்தனியாகப் பிறந்தன. "பணம் வந்துவிட்டதாமே" என்று ஊரில் யாராவது சொன்னால், எந்த ஆணைக்கு வந்தது என்று கேளுங்கள். கம்பம் மாற்றப் பணம் கட்டாமல் தார் போட முடியாது. நிலம் கைக்கு வராமல் கம்பத்தை நடவும் இடமில்லை.

2001 சட்டத்தில் ஒரு விஷயம் எல்லோரையும் குழப்பும். 15(2) என்ற நோட்டீஸ்தான் முதலில் வரும். "இந்த நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று காரணம் சொல்லுங்கள்" என்பது அது. விசாரணை முடிந்த பிறகுதான் 15(1) அறிவிப்பு அரசிதழில் வெளியாகும். அது வெளியான கணத்திலிருந்து நிலம் அரசுக்குச் சொந்தம். ஆகவே சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும் முதல் நோட்டீஸின் கெடுவுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிவிடுங்கள். நான் ஆட்சேபணை எழுதவில்லை. ஆனால் அளவில் ஒரு பிழை இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். அந்த ஒரு தாள்தான் பின்னால் மறு அளவைக்கு வழி செய்தது.

அளந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. நில அளவர் சங்கிலியும் பழைய வரைபடமுமாக வந்து, எங்கள் கடை வாசலில் இருந்த தேக்குத் தூணில் சிவப்பு வண்ணத்தில் ஒரு கோடு போட்டார். நகர நில அளவைப் பதிவேட்டின்படி பட்டா எல்லை அந்தத் தூணோடு முடிகிறது. தூணுக்கு வெளியே இருந்த திண்ணையும் மூன்று படிகளும், மொத்தம் மூன்றடி, சாலைக்குச் சொந்தமானவை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்கிறது. என் ஆத்தா (அம்மா) அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. வீதி நெடுக இதே கதைதான். ஒருவர் படியைத் தள்ளிக் கட்டினார், அடுத்தவர் தகரக் கூரை இறக்கினார், அதற்கடுத்தவர் படிக்குக் கீழே வடிகாலையே மூடினார். ஆக, போன ஏழடியில் மூன்றடிக்குக் காசில்லை, நான்கடிக்குத்தான் இழப்பீடு. இருபத்தாறு அடி அகலத்துக்கு நான்கடி ஆழம், 104 சதுர அடி. அரசு நிலம் வாங்கித்தான் சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். வாங்கவே தேவையில்லாத அகலம் நம் படிகளுக்கு அடியில் கிடக்கிறது.

இனி கையெழுத்துகள். ஐயாவின் பெயரில் இருந்த பட்டாவை அப்பச்சி காலத்தில் யாரும் மாற்றவில்லை. ஐயாவுக்கு மூன்று மகன்கள். அவர்கள் வழியில் இன்று உரிமை உள்ளவர்கள் பதினொரு பேர். நான்கு பேர் சென்னையில், இருவர் கோவையில், ஒருவர் பினாங்கில், மற்றவர்கள் இங்கே. எங்களவர்களிடம் பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் உண்டு. அதனால் ஐயாவின் பெயரிலேயே மூன்று பேரன்கள். போதாததற்குப் பெயருக்கு முன்னால் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், வேறு. கிரயப் பத்திரத்தில் விலாசத்தோடு முழுப்பெயர், பட்டாவில் விலாசத்தில் ஓரெழுத்து குறைவு, சொத்துவரி ரசீதில் விலாசமே இல்லை. மூன்றும் ஒரே மனிதர்தான் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்று வாங்க வேண்டியிருந்தது. பெரியப்பா ஒருவரின் இறப்பு அந்தக் காலத்தில் பதிவாகவே இல்லை. அதற்குத் தேவகோட்டைக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். அதன் பிறகுதான் வாரிசுச் சான்றிதழ், பிறகு முப்பது வருட வில்லங்கச் சான்று.

பினாங்கில் இருக்கும் ஆச்சி, என் பெரியப்பா மகள், வர முடியாத உடல்நிலையில் இருந்தார். கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவர் கையெழுத்திட்ட அதிகாரப் பத்திரம் கூரியரில் வந்தது. வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்டிச் சரிசெய்யப்பட வேண்டும். இதை ஒரு நல்ல பத்திர எழுத்தர் சொல்லித்தான் தெரிந்தது. கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. கூரியர் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வந்து சேர்ந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

ஆச்சியிடம் தொலைபேசியில் பேசும்போது எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. பதினொரு பேரில் ஒருவரின் பங்கு என்றால் அவருக்குக் கிடைப்பது அந்தக் கையெழுத்துக்காக அலைந்த டாக்சிச் செலவுக்குச் சற்று அதிகம். "தம்பி, பணத்தை நீயே வைத்துக்கொள். அந்தத் திண்ணையில்தான் ஐயா எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். இடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்பு" என்றார். எடுத்து அனுப்பினேன். பங்குதாரர்களில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் தொகை நீதிமன்ற வைப்புக்குப் போய்விடும். பிறகு வழக்கு நடத்தித்தான் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கடைக்காரருக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது.

தொகை எப்படி வருகிறது என்பதைப் பலர் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். நிலத்தை 2001 மாநிலச் சட்டத்தில் எடுத்தாலும், இழப்பீட்டுக் கணக்கு 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பின்பற்றுகிறது. பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, சுற்றுப்புறத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் நடந்த கிரயங்களில் உயர்ந்த பாதியின் சராசரி, இரண்டில் எது அதிகமோ அது நிலத்தின் சந்தை மதிப்பு. நகர்ப்புறத்தில் பெருக்கும் காரணி ஒன்றுதான். அதனோடு கட்டட மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. இது போக, நிலத்தின் மதிப்புக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல். சதுர அடி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 104 சதுர அடிக்கு 2,08,000. ஆறுதல் தொகையோடு 4,16,000. கட்டடத்துக்கு உரியது தனி. 2013 சட்டப்படி தரும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை என்று அதன் 96-ஆம் பிரிவு சொல்கிறது. மாநிலச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள்.

இங்கே ஒன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். கடைவீதியில் கைமாறும் உண்மையான விலை ஒன்று, பத்திரத்தில் எழுதுவது வேறொன்று. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்கக் குறைத்து எழுதிய அத்தனை பத்திரங்களும் அந்தச் சராசரியில் வந்து உட்கார்ந்துகொண்டன. நாங்கள் குறைவு என்று வாதாடியபோது, அதிகாரி எங்கள் வீதிக்காரர்களே எழுதிய கிரயங்களின் பட்டியலை மேசையில் வைத்தார். பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. தொகை போதாது என்று நினைப்பவர்கள், "எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்போதுதான் கூடுதல் கேட்டு நீதிமன்றம் போகும் வழி திறந்திருக்கும். நான் எழுதவில்லை. எனக்குக் கிடைத்தது நியாயமாகப் பட்டது.

கட்டடத்தைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் வந்து மதிப்பிட்டார். சுண்ணாம்புச் சாந்தும் ஆத்தங்குடிக் கல்லும் அவர் கையிலிருந்த விலைப் பட்டியலில் அடங்கவில்லை. பர்மா தேக்குத் தூண்கள் இரண்டையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். அவற்றின் மதிப்பைக் கழித்துக்கொண்டார்கள். இடிக்கும் அன்று தூணைச் சுற்றிக் கயிறு கட்டி, எட்டுப் பேர் தாங்கிப் பிடித்து இறக்கினோம். அடியில் கருங்கல் குமிழுக்குள் இருந்த முனை சந்தன நிறத்தில், அன்று அறுத்தது போல இருந்தது. மேலே சிவப்புக் கோடு.

எங்கள் திண்ணையோரம் இருபது வருடமாகப் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் உண்டு. அவருக்குப் பட்டாவும் இல்லை, பங்கும் இல்லை. ஆனால் 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி வாங்கிய அடையாள அட்டை அவரிடம் இருந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அப்படிப்பட்டவரை எழுப்பக் கூடாது. அட்டையைப் பூக்கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். கேட்டதும் எடுத்துக் காட்டினார். எங்கள் பதினொரு பேரின் ஆவணங்களை விட அந்த ஒரு அட்டை சீக்கிரம் வேலை செய்தது. இப்போது எதிர் முனையில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

சாலை அகலமானது. மூன்றே வாரத்தில் அந்தப் புது அகலம் முழுவதும் இருசக்கர வாகனங்களின் நிறுத்துமிடமாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கடி கொடுத்தது ஸ்கூட்டர் நிறுத்தவா? வணிகர்களைக் கூட்டிப் போக்குவரத்துக் காவல்துறையோடு இரண்டு முறை உட்கார்ந்தோம். சரக்கு லாரி காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஒன்பதுக்குப் பின்பும் மட்டும். பக்கத்துச் சந்து ஒருவழி. வண்டி நிறுத்தத் தனி இடம் என்று முடிவானது. அந்த இடத்தைச் சமப்படுத்திக் கல் பாவ நமக்கு நாமே திட்டத்தைக் கையில் எடுத்தோம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பணம் பிரிப்பதில் சண்டை வராமலிருக்க, கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று புள்ளி வரி வாங்குவது போல, ஷட்டர் கணக்கு வைத்தோம்: ஒரு ஷட்டருக்கு இவ்வளவு. பெரிய கடை, சிறிய கடை என்ற பேச்சே எழவில்லை. லாரி நேரத்துக்கு முதலில் ஒத்துக்கொண்டவன் நான். விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறப்பது சிரமம்தான். ஆனால் ஒன்பது மணிக்கு என் வாசலில் லாரி நிற்பதில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எடுத்தது போக மிஞ்சிய நிலத்துக்கு உட்பிரிவு செய்து புதுப் பட்டா வாங்க வேண்டும். பலர் பணம் வந்ததும் இதை மறந்துவிடுகிறார்கள். பதினொரு பெயர்களையும் விலாசத்தோடு, எழுத்துப் பிழை இல்லாமல், ஆதாரில் உள்ளபடி எழுதி மனு கொடுத்திருக்கிறேன். நில அளவர் வெள்ளிக்கிழமை வருகிறார். கடைக்குள் நிறுத்தியிருக்கும் தூணில் அந்தச் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. வண்ணம் பூச வந்தவரிடம் அதைத் தொட வேண்டாம் என்று ஆத்தா சொல்லிவிட்டார்.