1916 நாடகப் பாட்டு ஒன்றைக் கணினியில் ஏற்றிய கதை

மூன்று வாரமாக என் மேசையில் ஒரே ரெக்கார்டுதான். 1916 ஏப்ரலில் லண்டன் அல்ஹாம்ப்ரா தியேட்டரில் தொடங்கிய ‘த பிங் பாய்ஸ் ஆர் ஹியர்’ என்ற இசை நாடகத்தில் வரும் டூயட், ‘இஃப் யூ வேர் த ஒன்லி கேர்ள் இன் த வேர்ல்ட்’. இசை நாட் டி. ஏயர். மேடையில் பாடிய ஜார்ஜ் ராபியும் வயலட் லொரெய்னுமே கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்கும் பாடிக் கொடுத்தார்கள். போர்முனையிலிருந்து லீவில் வந்த சிப்பாய்கள் தேடிப்போய்ப் பார்த்த நாடகம் அது. தியேட்டரை 1936-இல் இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே இருப்பது லெஸ்டர் ஸ்கொயர் ஓடியன் சினிமா.

முதல் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். இதே கட்டில் வந்த வேறொரு தட்டை, பிற்கால வினைல் தட்டான எல்பி ரெக்கார்டைத் துடைக்கிற பழக்கத்தில் ஆல்கஹால் திரவம் போட்டுத் துடைத்தேன். துணியில் கறுப்பு ஏறியது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் தேய்த்தேன்! 1916 காலத்துத் தட்டெல்லாம் அரக்கில் கல்தூளைக் கலந்து செய்தவை, ஆல்கஹால் பட்டால் அரக்கு கரைந்துவிடும். அந்தப் பக்கம் போயே போச்சு. டூயட் தட்டை வடிநீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, லேபிள் நனையாமல் கழுவினேன்.

முள்ளும் மாற்ற வேண்டியிருந்தது. எல்பி முள் இந்தத் தட்டில் பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்துக்கு ரொம்பச் சின்னது, அடியில் கிடக்கும் தூசியை உரசிக்கொண்டு போகும். 0.003 அங்குல முள் வாங்கிப் போட்டதும் பாதி இரைச்சல் அடங்கியது.

அடுத்தது வேகம், அதில்தான் இரண்டு வாரம் போனது. என் டர்ன்டேபிளில் நிமிடத்துக்கு 33 சுற்று, 45 சுற்று இரண்டுதான் உண்டு. அதனால் 45-இல் ஓடவிட்டுப் பதிந்து, முன்பெருக்கி எல்பிக்காகத் தானாகப் போட்ட ஆர்ஐஏஏ என்ற ஒலித் திருத்தத்தை (1916-இல் அப்படி ஒன்றே கிடையாது) ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் தலைகீழாகப் போட்டு நீக்கி, அப்புறம் வேகத்தை ஏற்றினேன். பழைய தட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லும் 78 சுற்றுக்குக் கணக்குப் போட்டால் ராபி தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இருந்தது. சுருதிப் பெட்டி ஆப்பை வைத்துப் பார்த்தேன், எந்தக் கட்டையிலும் சேரவில்லை, கட்டைக்கும் அரைக் கட்டைக்கும் நடுவில் தொங்கியது.

தட்டில் குறுக்கே ஒரு கீறல் உண்டு, சுற்றுக்கு ஒரு ‘டிக்’. எரிச்சலோடு அந்த டிக்குகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. 45-இல் பத்துச் சுற்றுக்கு 13.33 நொடி ஆக வேண்டும், ஆனது 13.5. அதாவது என் டர்ன்டேபிள் 44.4-இல்தான் ஓடுகிறது. சரி, அதைத் திருத்தினேன், அப்போதும் சுருதி சேரவில்லை. அப்புறம்தான் அந்தக் காலத்துக் கொலம்பியா தட்டுகள் பெரும்பாலும் 80-இல் ஓட வேண்டியவை என்று தெரிந்தது. 80-ஐ 44.4-ஆல் வகுத்தால் 1.8. போட்டேன். சுருதிப் பெட்டியோடு அப்படியே ஒட்டிக்கொண்டது, ராபிக்கும் தூக்கம் கலைந்துவிட்டது.

இரைச்சல் நீக்குவதில் முதலில் பேராசைப்பட்டேன், பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது. ரெக்கார்டு பதிவுக்கு மைக் வந்தது 1925-இல். அதுவரை பாடகர்கள் ஒரு கூம்புக்குள் பாடினார்கள், அந்த அதிர்வே மெழுகில் கோடு கிழித்தது. மேல் ஸ்தாயி ஒலிகள் பதிந்ததே கொஞ்சம்தான், அதையும் இரைச்சலோடு சேர்த்து நான் துடைத்துவிட்டிருந்தேன். இப்போது ஸ்டீரியோவில் இடது பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டேன், பள்ளத்தின் அந்தப் பக்கச் சுவர் குறைவாகத் தேய்ந்திருக்கிறது. இரைச்சலை 6 டெசிபெல் மட்டும் குறைத்து, டிக்குகளைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தேன். லொரெய்ன் குரலை ஏற்றும் இடத்தில் பள்ளம் தேய்ந்து கரகரக்கிறது, அதற்கு வைத்தியம் இல்லை.

ஒரு டிக்கை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்.